மொட்டைமாடி வெயிலும் கரண்ட் பில்லும்: ஒரு எழுபது வருஷக் கணக்கு

"மொட்டைமாடியில சோலார் போட்டா கட்டுப்படியாகுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடே இப்ப இல்லைன்னு சொல்லலாம். கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரரைக் கேட்டுப் பாருங்க. "நாலே வருஷம் சார், போட்ட காசு வந்துடும்" என்பார். அதுக்கு அடுத்த இலைக்காரர் சாம்பாரை நிறுத்திட்டு, "அதெல்லாம் பேச்சுக்கு. ஆயுசுக்கும் காசு திரும்பாது" என்பார். வேடிக்கை என்னன்னா, ரெண்டு பேருமே பொய் சொல்லலை. ரெண்டு பேர் வீட்டு மீட்டர் அட்டையும் வேற வேற, அவ்வளவுதான்.

இதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும். ஏன்னா இந்தக் கேள்வி பிரதமர் திட்டம் வந்த பிறகு முளைச்சதில்லை. இதுக்கு வயசு எழுபதுக்குப் பக்கம்.

பதினாலு லட்சம் டாலர் கரண்ட்

1954 ஏப்ரல் 25. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடம் ஒரு பத்திரிகையாளர் கூட்டம் நடத்தி, சிலிக்கான்ல செஞ்ச சூரிய மின்கலத்தைக் காட்டியது. வெளிச்சம் பட்டதும் ஒரு குட்டி ராட்டினம் சுத்துச்சு. செய்தவர்கள் மூணு பேர்: டேரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன். விழுற வெயிலில் நூத்துக்கு ஆறு பங்கு மின்சாரமா மாறியது. அதுக்கு முன்னாடி செலினியத்தை வெச்சு முயற்சி பண்ணினப்போ ஒரு பங்கு கிடைச்சாலே பெரிசு. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி.

இதுல சேப்பினைத்தான் நாம கவனிக்கணும். அவருக்குக் கம்பெனி கொடுத்த வேலை ரொம்பச் சாதாரணமானது. ஈரமும் வெக்கையும் அதிகமான ஊர்களில் டெலிபோன் கருவிகளுக்குப் போடுற உலர் பேட்டரி சீக்கிரம் கெட்டுப் போகுது, அதுக்கு ஒரு மாற்று கண்டுபிடி என்பதுதான். கண்டுபிடிச்ச பிறகு, மனுஷன் பேப்பரும் பென்சிலுமா உட்கார்ந்து நம்ம கேள்வியைத்தான் போட்டுப் பார்த்தார். ஒரு சாதாரண அமெரிக்க வீட்டுக்கு இதுல மின்சாரம் எடுத்தா எவ்வளவு ஆகும்?

1956 விலையில் ஒரு வாட்டுக்கு 286 டாலர். ஒரு வீட்டுக்குத் தேவையான அளவுக்குப் பெருக்கினா 14 லட்சத்து 30 ஆயிரம் டாலர்! அன்னைக்கு அங்கே ஒரு நடுத்தர வீட்டோட விலையே பத்துப் பன்னிரண்டாயிரம் டாலருக்குள்ளதான். அதாவது நூத்துக்கும் மேற்பட்ட வீடுகளை விற்று ஒரு வீட்டுக்கு விளக்கேத்தணும் :-)

வீட்டு சோலார் பத்தின முதல் தீர்ப்பு இதுதான்: கட்டுப்படியாகாது.

கட்டுப்படியான ரெண்டு இடங்கள்

ஆனா அதே விலையில் ரெண்டே வருஷத்தில் ஓர் இடத்தில் அது கட்டுப்படியாச்சு. வானத்தில்.

1958 மார்ச்சில் வான்கார்ட்-1 என்ற குட்டி செயற்கைக்கோளை அமெரிக்கா ஏவியது. அதில் ரெண்டு ஒலிபரப்பிகள். ஒண்ணு பேட்டரியில் ஓடியது, இன்னொண்ணு சூரிய மின்கலத்தில். பேட்டரி சில வாரங்களில் மூச்சை விட்டது. சூரிய மின்கலம் 1964 வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தது. அந்தக் கோள் பேச்சில்லாம இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு. மேலே ஈ.பி. லைன் கிடையாது, பேட்டரி மாத்த லைன்மேனும் ஏற முடியாது. அங்கே வாட்டுக்கு 286 டாலர் என்பது மலிவு.

அடுத்த இடம் கடல். 1970களின் தொடக்கத்தில் எலியட் பெர்மன் என்கிற வேதியியலாளர் பேனல் விலையை வாட்டுக்கு நூறு டாலரிலிருந்து இருபது டாலருக்கு இறக்கினார். விண்வெளிக்கு வேணும்கிற ஒசத்தியான சிலிக்கான் நமக்கு எதுக்கு, கழிச்சுக்கட்டின சிலிக்கானே போதும் என்பது அவர் யோசனை. அவருக்குப் பணம் போட்டது யார் தெரியுமா? எக்ஸான். எண்ணெய்க் கம்பெனியேதான்! கடலுக்கு நடுவுல நிக்கிற எண்ணெய் மேடைகளில் எச்சரிக்கை விளக்கு எரியணும். அதுக்குக் கனமான பேட்டரிகளைப் படகில் கொண்டுபோய் மாத்தி மாத்தி மாளலை. அதோட ஒப்பிட்டா சோலார் லாபம்.

இதிலேருந்து ஒரு விஷயம் பிடிபடும். இது தராசு மாதிரி. ஒரு தட்டில் பேனல் விலை. இன்னொரு தட்டில், பேனல் இல்லாட்டி அதே மின்சாரத்துக்கு நீங்க கொடுக்கப் போற விலை. எல்லாரும் முதல் தட்டையே பார்த்துக்கிட்டு இருக்கோம். எழுபது வருஷமும் தீர்ப்பு சொன்னது ரெண்டாவது தட்டுதான்.

வெள்ளை மாளிகைக் கூரை

1973ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, விலை ஒரேயடியா ஏறியதும் அந்த ரெண்டாவது தட்டு கனத்தது. 1979 ஜூனில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் 32 சூரியத் தகடுகளைத் திறந்து வைத்தார். இதைப் பலரும் சோலார் கரண்ட்டுன்னு நினைச்சிருக்காங்க. அது கரண்ட் இல்லை, வெந்நீர்! நம்ம கோயம்புத்தூர்ப் பக்க மாடிகளில் பார்க்கிற வாட்டர் ஹீட்டரோட அண்ணன். ஒரு தலைமுறை கழிச்சு இது அருங்காட்சியகப் பொருளா ஆனாலும் ஆகலாம்னு கார்ட்டரே அன்னைக்குப் பேச்சில் சொன்னார்.

வாய் முகூர்த்தம் பலிச்சது. எண்பதுகளின் நடுவில் எண்ணெய் விலை சரிஞ்சது. 1986ல் ரீகன் காலத்தில் கூரையைப் பழுதுபார்க்கக் கழட்டினவர்கள், திருப்பி மாட்டவே இல்லை. அதில் சில தகடுகள் பிற்பாடு நிஜமாவே அருங்காட்சியகங்களுக்குப் போயின. ஒண்ணு சீனாவுக்கு! தகட்டுக்கு ஒண்ணும் ஆகலை, வெயிலும் குறையலை. எதிர்த் தட்டு லேசாச்சு, அவ்வளவுதான்.

ஜெர்மனியின் 99 காசு

தொண்ணூறுகளில் ஜெர்மனிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பேனல் விலை தானா குறையட்டும்னு காத்திருக்காம, ரெண்டாவது தட்டில் சட்டத்தை வெச்சு அமுக்கினார்கள்.

1991ல் முதல் சட்டம்: கூரையில் விளையுற மின்சாரத்தை மின் கம்பெனி வாங்கியே ஆகணும். அப்புறம் 2000 ஏப்ரலில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம். சோலார் யூனிட்டுக்கு 99 ஃபென்னிக், அதாவது 50 யூரோ சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல. அதுவும் இருபது வருஷத்துக்கு மாறாத உத்தரவாதம். அப்ப ஒரு வீடு வாங்குற கரண்ட்டின் விலை யூனிட்டுக்குச் சுமார் 14 சென்ட். பதினாலுக்கு வாங்கு, ஐம்பதுக்கு வில்! யார்தான் விடுவா? மாட்டுக் கொட்டகைக் கூரை வரைக்கும் பேனல் ஏறியது. 2000ல் நூறு மெகாவாட் சொச்சமா இருந்தது, 2012 முடிவில் 30,000 மெகாவாட்டைத் தாண்டியது. இத்தனைக்கும் ஒரு கிலோவாட் பேனல் அங்கே வருஷத்துக்கு ஆயிரம் யூனிட் கொடுத்தாலே அதிகம். நம்ம ஊர் வெயிலுக்கு 1400, 1500 வரும்.

அந்த ஐம்பது சென்ட்டை அரசாங்கம் தன் பையிலிருந்து கொடுக்கலைங்க. எல்லார் கரண்ட் பில்லிலும் ஒரு கூடுதல் வரியாப் பிரிச்சுப் போட்டார்கள். வாடகை வீட்டில் இருக்கிறவரும், கூரையே இல்லாத மாடிக்குடியிருப்புக்காரரும் சேர்ந்துதான் அந்த மாட்டுக் கொட்டகைக்குக் காசு கட்டினார்கள். 2017ல் அது யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 7 சென்ட் வரைக்கும் போய், 2022 ஜூலையில்தான் பில்லிலிருந்து நீங்கியது.

ஆனா அந்தக் காசு வீண் போகலை. ஜெர்மனியில் ஆர்டர் குவிஞ்சதும், பேனல் செய்யக் கிளம்பினது சீனா. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீன் என்ற பேராசிரியரிடம் படிச்ச ஷி ஜெங்ராங் 2001ல் சன்டெக் கம்பெனியைத் தொடங்கினார். 2005ல் அது நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போச்சு. பின்னாடியே நூறு கம்பெனிகள். போட்டியில் விலை விழுந்த வேகத்தில் 2013ல் சன்டெக்கின் முக்கியப் பிரிவே திவாலாச்சு! பேனல் விலை 1976ல் வாட்டுக்கு 106 டாலர் (2019 டாலர் மதிப்பில்). 2019ல் 38 சென்ட். உற்பத்தி ஒவ்வொரு முறை ரெட்டிப்பாகும்போதும் விலை ஐந்தில் ஒரு பங்கு குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. நம்ம மாடிக்கு வர்ற மலிவுப் பேனலில் ஏதோ ஒரு ஜெர்மன் வாடகைக்காரரின் காசும் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு வெச்சுக்குங்க.

நம்ம ஊர்க் கதை

இந்தியாவுக்கும் சோலார் புதுசில்லை. அரசு நிறுவனமான சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் 1977லயே நாட்டின் முதல் மின்கலத்தைச் செய்தது. 2010ல் தேசிய சூரிய சக்தித் திட்டம் வந்தது. ஆனா தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ள இந்தப் பேச்சைக் கொண்டுவந்தது எந்தத் திட்டமும் இல்லை. மின்வெட்டு.

2012 யாருக்காவது மறந்திருக்குமா? சென்னைக்கு ரெண்டு மணி நேரம், மத்த மாவட்டங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல. ராத்திரி ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். பிள்ளைகள் மெழுகுவத்தியில் பரீட்சைக்குப் படிச்சது, கோவையில் பட்டறைகள் பூட்டிக் கிடந்தது எல்லாம் அந்த வருஷம்தான். அந்த அக்டோபரில் ஜெயலலிதா அரசு சூரிய சக்திக் கொள்கையை வெளியிட்டது. 2015க்குள் 3000 மெகாவாட் இலக்கு. வீட்டுக்கு ஒரு கிலோவாட் போட்டா மாநில மானியம் 20,000 ரூபாய். 2013 நவம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டரிங்குக்கு உத்தரவு போட்டது. பகல்ல மிஞ்சுறதை வாரியத்துக்கு அனுப்பு, ராத்திரி எடுத்துக்கோ, வித்தியாசத்துக்கு மட்டும் பில் என்கிற ஏற்பாடு.

அன்னைக்கு மக்களுக்கு வேண்டியிருந்தது பில் குறைப்பு இல்லை, மின்விசிறி சுத்தணும். அதனால பேட்டரியோடு போட்டார்கள். கிலோவாட்டுக்கு ரெண்டு லட்சத்தை ஒட்டிச் செலவு. நாலஞ்சு வருஷத்தில் பேட்டரி மாத்தணும். பந்தியில் அந்த ரெண்டாவது ஆள் சொல்ற "ஆயுசுக்கும் காசு திரும்பாது" கதையெல்லாம் இந்தக் காலத்து அனுபவம்.

இப்ப பெரும்பாலும் போடுறது பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் வகை. இதுல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். தெருவில் கரண்ட் போச்சுன்னா உங்க சோலாரும் நின்னுடும், உச்சி வெயில் அடிச்சாலும் சரி! கோளாறு இல்லை, கம்பத்தில் ஏறி வேலை செய்யற லைன்மேன் மேல உங்க வீட்டு கரண்ட் பாயக்கூடாதுன்னு வெச்சிருக்கிற பாதுகாப்பு. மின்வெட்டுக்காக ஆசைப்பட ஆரம்பிச்ச ஊர்ல, மின்வெட்டில் வேலை செய்யாத சாதனம்தான் கடைசியில் கட்டுப்படியாச்சு. வரலாற்றுக்கு நக்கல் ஜாஸ்தி.

மீட்டர் அட்டையை எடுங்க

இப்ப ரெண்டாவது தட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் அது வீட்டுக்கு வீடு மாறும். 2016ல் ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாச்சு. 2022 செப்டம்பரில் கட்டணம் மாறினப்போ 200 யூனிட் ஓட்டின வீட்டுக்கு பில் 225 ரூபாய். 400க்கு 1125. 500க்கு 1725. ஐந்நூறைத் தாண்டினா 200 வரைக்கும் இருந்த மலிவு விலை போயிடும், 600க்கு 2750. 800க்கு 4550. யூனிட் நாலு மடங்கு, பில் இருபது மடங்கு! 2024 ஜூலையில் இன்னும் கொஞ்சம் ஏறியது. கணக்குக்கு நான் 2022 விலையையே வெச்சுக்கறேன்.

2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் வெச்சாங்க. கிலோவாட்டுக்குச் சுமார் அறுபது அறுபத்தஞ்சாயிரம் செலவுன்னு எடுத்துக்குங்க. தினம் நாலு யூனிட் வரும், ரெண்டு மாசத்துக்கு 240.

800 யூனிட் வீடு: மூணு கிலோவாட் போட்டா 720 யூனிட் வரும். மிச்சம் 80, அது இலவசத்துக்குள்ள. வருஷத்துக்கு 27,300 ரூபாய் மிச்சம். மானியம் போகக் கைக்காசு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். நாலு வருஷத்தில் எடுத்துடலாம். முதல் இலைக்காரர் ஜெயிச்சார்.

400 யூனிட் வீடு: ஒரு கிலோவாட் போதும். ரெண்டு மாச பில் 1125லிருந்து 135க்கு இறங்கும். வருஷத்துக்கு ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவா மிச்சம். கைக்காசு 35,000ன்னா ஆறு வருஷம்.

200 யூனிட் வீடு: வருஷ பில்லே 1350 ரூபாய்தான். அதே 35,000 திரும்ப 26 வருஷம். பேனலுக்கு உத்தரவாதமே 25 வருஷம்! அந்தக் காசை வங்கியில் போட்டா வர்ற வட்டியில் கரண்ட் பில்லைக் கட்டி, மிச்சத்தில் தீபாவளிக்குத் துணியும் எடுக்கலாம். ரெண்டாவது இலைக்காரரும் ஜெயிச்சார்.

ஒரே வெயில், ஒரே பேனல், ஒரே மானியம். தீர்ப்பு மட்டும் வேற.

யார் காசு?

கொஞ்சம் உறுத்துற இடம் இதுதான். 800 யூனிட் வீடு யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் கட்டுறது, 200 யூனிட் வீடு ரெண்டேகால் ரூபாய் கட்டுறதைத் தாங்குற ஏற்பாட்டில் ஒரு பகுதி. மீதியை அரசு மானியமும், கடைகளும் தொழிற்சாலைகளும் தாங்குது. நிறையக் கட்டுறவங்க ஒவ்வொருத்தரா சோலாருக்குப் போயிட்டா அந்தச் சுமை எங்கே போகும்? கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், லைன்மேன் சம்பளம் எதுவும் குறையாது. ராத்திரி ஏ.சி. போட நமக்கும் அந்தக் கம்பி வேணும்.

வாரியத்தோட பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. 2017ல் ராஜஸ்தான் பட்லாவில் பெரிய சோலார் பூங்கா ஏலம் யூனிட்டுக்கு 2 ரூபாய் 44 பைசாவுக்குப் போச்சு. அந்த விலைக்குப் பகல் கரண்ட் கிடைக்கும்போது, உங்க மாடியில் மிஞ்சினதை ஒன்பது ரூபாய் யூனிட்டுக்கு ஈடா எதுக்கு வெச்சுக்கணும்னு கேட்டா என்ன சொல்றது? 2025 ஏப்ரல் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இலங்கையில் மின் தேவை படுத்துடுச்சு. கூரை சோலார்க்காரங்களைப் பகல்ல அணைச்சு வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டுக்கிட்டது. வெயில் எல்லார் மாடியிலும் ஒரே நேரத்தில்தானே அடிக்குது!

அதனால விதிகள் மாறும். ஸ்பெயின் 2015ல் வீட்டு சோலாருக்குக் கட்டணம் போட்டு, ஜனங்க அதைச் சூரிய வரின்னு திட்டி, 2018ல் எடுத்துட்டாங்க. கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரலுக்கு அப்புறம் போட்டவங்களுக்கு, அனுப்புற கரண்ட்டின் மதிப்பை முக்கால்வாசி குறைச்சாங்க. பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம் கம்பெனி தரும். நெட் மீட்டருக்கு அந்த உத்தரவாதத்தை யாரும் தரமாட்டாங்க. ஜெர்மன்காரர் கையில் இருபது வருஷக் காகிதம் இருந்தது, நம்ம கையில் இல்லை.

இந்த வரலாறு எனக்குச் சொல்றது இவ்வளவுதான். ரெண்டு மாசத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டுற வீடு, நிழல் விழாத சொந்த மாடி இருந்தா (கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி), போடலாம். நாலஞ்சு வருஷத்தில் காசு திரும்புற மாதிரிப் போடுங்க. அதுக்குள்ள விதி மாறினாலும் பெரிசா அடி விழாது. பத்து வருஷத்தில் திரும்பும்னா அது முதலீடு இல்லை, சர்க்கார் மேல வைக்கிற நம்பிக்கை. பத்து வருஷத்துக்குள்ள இன்வெர்ட்டர் ஒரு தடவை மாத்தவும் வரும், அதையும் எழுதிக்குங்க. தேவைக்கு மேல போட்டு வித்து சம்பாதிக்கலாம்ங்கிற நினைப்பு வேண்டாம். ஓடுற அளவுக்கே போடுங்க. மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டரைப் பகலுக்கு மாத்துங்க.

முன்னூறு யூனிட்டுக்குள்ள இருக்கிற வீடா? யாராவது வந்து "இலவச மின்சாரம்"னு விளம்பரத் தாளை நீட்டினா, மோர் கொடுத்து அனுப்பிடுங்க. மலிவு கரண்ட் உங்களுக்கு ஏற்கனவே கிடைக்குது. அதுதான் உங்க சோலார்.

சேப்பின் 1956ல் போட்ட கணக்கில் தப்பே இல்லை. வாட் விலை என்ன, எவ்வளவு வாட் வேணும், பெருக்கு. அவர் கையில் இல்லாதது நம்ம மீட்டர் அட்டை ஒண்ணுதான். அது நம்ம வீட்டு சுவத்துல தொங்குது. எடுத்துப் பார்த்துட்டு அப்புறம் மாடிக்கு ஏறுங்க.